பொதுக் கணினியும் தனி உலாவலும்: இல்லத்துள் இணையத் தனியுரிமை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

குடும்பத்தினர் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் இல்லத்தில், ஒருவரின் இணைய உலாவல் மற்றவருக்குத் தெரியவரும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. உலாவிகளில் உள்ள ‘மறைநிலை’ எதை மறைக்கிறது, எதை மறைப்பதில்லை என்பதும், அச்சொல்லே ஏற்படுத்தும் மயக்கமும் ஆராயப்படுகின்றன. தனிப் பயனர் கணக்கே நம்பத்தக்க முதல் அரண் என்பதும், வன்முறைக்கு அஞ்சி வாழ்பவருக்கு அதுவும் போதாது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடுகள்.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, உலாவி, மறைநிலை, பயனர் கணக்கு, தேடல் வரலாறு, குடும்ப வன்முறை.

முன்னுரை

இணையத் தனியுரிமை பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி அரசு, பெருநிறுவனம், இணையத் திருடர் ஆகிய மூவரை மனத்திற்கொண்டே எழுதப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்பவரிடமிருந்து ஒருவர் தம் தேடலைக் காத்துக்கொள்ள விரும்பலாம் என்ற எண்ணம் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆயின், நடைமுறையில் மிகுதியாக நேர்வது இதுவே. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18) இந்தியக் குடும்பங்களுள் 10.7 விழுக்காட்டினரிடமே கணினி இருந்ததாகக் காட்டுகிறது. இவ்வளவு அரிதான பொருள் ஒரு வீட்டிற்குள் வந்தால் அது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. 2011இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கருவி மாணவரின் பெயரில் வழங்கப்பட்டது. வீட்டுக்குள் வந்தபின் தம்பியின் விளையாட்டு, தந்தையின் மின்கட்டணம், அத்தையின் தொடர்வண்டி முன்பதிவு எனப் பலவற்றுக்கும் அதுவே கருவியாவது இயல்பு.

இத்தகைய பகிர்வில் ஒருவர் எதை மறைக்க விரும்புவார் என்ற வினாவுக்குப் பலரும் உடனே தரும் விடை ஒன்றுண்டு. தவறு செய்பவரே மறைப்பர் என்பது அது. இவ்விடை ஏற்கத்தக்கதன்று. கருச்சிதைவு பற்றிய மருத்துவச் செய்தி, மனச்சோர்வின் அறிகுறிகள், கடன் தள்ளுபடிக்கான வழி, வேறு ஊரில் வேலை, மணவிலக்குச் சட்டம் ஆகியவற்றைத் தேடுபவர் எவரும் தவறு செய்பவர் அல்லர். எனினும், அத்தேடல் தெரியவந்தால் இல்லத்தில் அவர் நிலை மாறிவிடக்கூடும்.

‘மறைநிலை’ என்னும் சொல்

சஃபாரி உலாவி 2005இல் தனி உலாவல் வசதியை முதலில் வழங்கியது. 2008இல் வெளிவந்த குரோம், தொடக்கத்திலேயே இவ்வசதியைக் கொண்டிருந்தது. 2009இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஃபயர்பாக்சும் இதனைச் சேர்த்துக்கொண்டன. குரோமின் தமிழ் இடைமுகம் இதனை ‘மறைநிலை’ என வழங்குகிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் ‘அறியப்படாதவர்’ என்னும் பொருளுடையது; அதாவது ஆளின் அடையாளம் மறைவதைக் குறிப்பது. தமிழ்ச்சொல்லோ நிலை முழுவதும் மறைவதாகக் கூறுகிறது. இரண்டும் அவ்வசதி செய்வதைவிட மிகுதியாக உறுதியளிக்கின்றன.

அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் தரும் வரையறை. நிகழ்வு வெளிப்படலாம், பெயர் வெளிப்படலாகாது என்பதே அம்மரபு. பொது வெளியில் தனியுரிமையைக் காக்க இம்முறை போதும். நால்வர் வாழும் வீட்டில் இது பயன்படாது. தேடியவர் பெயர் எங்கும் பதியாவிடினும், பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் இருந்தவர் யார் என்பது அனைவருக்கும் தெரியும். ஆகவே இல்லத்துள் மறைக்கப்பட வேண்டியது பெயரன்று, சுவடு.

உலாவி உண்மையில் செய்வது, குறிப்பிட்ட சில சுவடுகளைச் சேமிக்காமல் விடுவது மட்டுமே. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகச் ‘சேமியாச் சாளரம்’ என அதனைக் குறித்திருந்தால் மயக்கம் குறைந்திருக்கும் என்பது கட்டுரையாளரின் கருத்து. வழக்கில் நிலைபெற்றுவிட்ட சொல்லை மாற்றுவது எளிதன்று என்பதால் இக்கட்டுரையிலும் ‘மறைநிலை’ என்பதே ஆளப்படுகிறது.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வெவ்வேறு உலாவிகள் தரும் விளக்கக் குறிப்புகள் 460 பேரிடம் காட்டப்பட்டன. குறிப்பைப் படித்த பின்னரும், கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்கும்போதுகூட மறைநிலையில் செய்யும் தேடல் பதிவாகாது என்றே அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கருதினர். 2020இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கூகுளுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கும் இம்மயக்கத்தின் மீதே எழுந்தது. 2024 ஏப்ரலில் வெளியான உடன்பாட்டின்படி, மறைநிலை உலாவல் தொடர்பான பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் இசைந்தது.

சுவடு தங்கும் இடங்கள்

பக்கத்தில் வாழ்பவர் எதன் வழியாக அறிகிறார் என்பதைத் தெரிந்துகொள்வதே தற்காப்பின் முதற்படி. அவர் பெரும்பாலும் கணினி வல்லுநர் அல்லர். அவர் திட்டமிட்டுத் தேடுவதைவிடத் தற்செயலாகக் கண்டுவிடுவதே மிகுதி.

முகவரிப் பட்டையே முதல் காட்டிக்கொடுப்பான். ஒருவர் ‘ம’ என்று தட்டச்சு செய்தவுடன், முன்னர் மற்றொருவர் தேடிய ‘மணவிலக்கு’ கீழே விரிகிறது. இது வரலாற்றுப் பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டப்படுவது. குரோம் ஏறத்தாழ 90 நாள் வரலாற்றைக் கணினியில் வைத்திருக்கிறது. தமிழில் தேடுவோர் பலருக்கு ஓர் ஐயமற்ற நிம்மதி உண்டு. தமிழ்த் தேடல்சொல் முகவரியில் புரியாத குறிகளாகத்தானே தோன்றுகிறது என்பர். ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளாகும். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 குறிகளாக எழுதப்படுவதால், ஒரு தமிழ்க் குறியீடு முகவரியில் 9 குறிகளாக நீளும் என்பது உண்மையே. ஆயின் வரலாற்றுப் பட்டியல் முகவரியோடு பக்கத்தின் தலைப்பையும் காட்டும். தலைப்பு தெளிந்த தமிழிலேயே இருக்கும். எனவே அந்நிம்மதிக்கு இடமில்லை.

வரலாற்றை அடுத்து, பதிவிறக்கக் கோப்புறை, படிவங்களில் தானே நிரம்பும் சொற்கள், சேமித்த கடவுச்சொற்கள், குக்கீகள் ஆகியன உள்ளன. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி உருவாக்கிய குக்கீ, ஒரே உலாவி மீண்டும் வருவதைத் தளம் அறிந்துகொள்ள உதவும் சிறு பதிவாகும். தளத்தைப் பொறுத்தவரை உலாவிதான் ஆள். அண்ணன் பார்த்த மோதிரத்தின் விளம்பரம் தங்கையின் சமையற்குறிப்புப் பக்கத்தில் தோன்றுவது இதனாலேயே. பிறந்தநாள் பரிசு முன்கூட்டியே தெரிந்துபோவதோடு இது நின்றுவிட்டால் நகைத்துவிட்டுப் போகலாம். கருவுறுதல் பரிசோதனைக் கருவியின் விளம்பரம் தோன்றினால் நகைக்க இயலாது.

மேற்கூறியவற்றைவிடப் பெரிய கசிவு ஒன்றுண்டு. அதனைப் பலரும் அறிவதில்லை. திறன்பேசியில் பயன்படுத்தும் கூகுள் கணக்கைக் கொண்டே வீட்டுக் கணினியின் உலாவியிலும் உள்நுழைந்து, ஒத்திசைவை இயக்கிவிட்டால், திறன்பேசியில் செய்யும் உலாவல் கணினியின் முகவரிப் பட்டையில் வந்து நிற்கும். இதற்கு எவரும் திறன்பேசியைத் தொட வேண்டியதில்லை. பூட்டுக்குறியிட்டுக் கைப்பையில் வைத்திருக்கும் கருவியின் செய்தி கூடத்தில் உள்ள கணினியில் வெளிப்படுகிறது. மின்னஞ்சலைப் படிக்க ஒருமுறை உள்நுழைந்து, வெளியேற மறந்தால்கூட அக்கணக்கின் செயல்பாட்டுப் பதிவும் யூடியூப் பார்வை வரலாறும் அதே கணினியில் திறந்து கிடக்கும். உலாவியின் வரலாற்றை அழிப்பதால் கணக்கில் உள்ள இப்பதிவு அழியாது. அதைக் கணக்கின் ‘எனது செயல்பாடு’ பக்கத்தில் தனியே அழிக்க வேண்டும். ஆகவே பகிர்ந்த கணினியில் உலாவிக்குள் உள்நுழையாமல், மின்னஞ்சல் தளத்தை மட்டும் மறைநிலைச் சாளரத்தில் திறந்து, பணி முடிந்ததும் மூடிவிடுவதே தக்கது.

மறைநிலை செய்வதும் செய்யாததும்

குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும், ஃபயர்பாக்சில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் இச்சாளரம் திறக்கும். இதில் பார்த்த பக்கங்கள் வரலாற்றில் சேர்வதில்லை; குக்கீகளும் படிவச் சொற்களும் சாளரம் மூடியதும் நீங்குகின்றன. வீட்டில் உள்ளோர் தற்செயலாகக் காண்பதைத் தடுக்க இது நன்கு பயன்படும்.

நுணுக்கம் ஒன்று உண்டு. மறைநிலைச் சாளரங்கள் பல திறந்திருந்தால் அவை ஒரே அமர்வாகும். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றைச் சிறிதாக்கி விட்டுச் சென்றால், முன்னைய சாளரத்தில் உள்நுழைந்த கணக்கு அப்படியே திறந்திருக்கும். எல்லாச் சாளரங்களையும் மூடினாலன்றி எதுவும் நீங்காது. பதிவிறக்கிய கோப்பும், இட்ட புத்தகக்குறியும் எப்படியாயினும் தங்கும். மருத்துவமனையின் பரிசோதனை முடிவை மறைநிலையில் திறந்து, அதன் பி.டி.எஃப் கோப்பைப் பதிவிறக்கக் கோப்புறையிலேயே விட்டுவிடுவது எளிதில் நேரக்கூடியது.

2010இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னகி மெலன் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர்கள் அன்றைய உலாவிகளின் இவ்வசதியை ஆராய்ந்தனர். உலாவி தன் பங்கைச் செய்தாலும், நீட்சிகளும் இயக்குதளமும் சுவடுகளை வைத்திருக்கக்கூடும் எனக் காட்டினர். விண்டோஸ் வைத்திருக்கும் தளப்பெயர்த் தற்காலிகப் பட்டியல் இதற்கு எடுத்துக்காட்டு. அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒரு வீட்டில் இருப்பது அரிது. கணினியை மறுதொடக்கம் செய்தாலே அது நீங்கும். வீட்டு இணையத் திசைவியில் பதிவு வைக்கும் வசதி இருந்தால் தளத்தின் பெயர் அங்கும் தெரியலாம். பாதுகாக்கப்பட்ட இணைப்பில் பக்கத்தின் உள்ளடக்கம் தெரியாது. விசையழுத்தங்களையோ திரையையோ பதியும் கண்காணிப்பு மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால் மறைநிலைக்கு எப்பயனும் இல்லை.

தனிப் பயனர் கணக்கு

வீட்டில் பகைமை இல்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் தம் இடம் வேண்டும் என்ற நிலையில் சிறந்த தீர்வு உலாவியில் இல்லை, இயக்குதளத்தில் உள்ளது. விண்டோஸில் அமைப்புகளுக்குள் கணக்குகள் என்னும் பகுதியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கை உருவாக்கலாம். லினக்சிலும் மேக்கிலும் இவ்வசதி உண்டு. கணக்கு தனியானால் கோப்புறை, வரலாறு, குக்கீ, பதிவிறக்கம் அனைத்தும் தனியாகும். எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

குரோமில் ஒவ்வொருவருக்கும் தனிச் சுயவிவரம் அமைப்பதை இதற்கு மாற்றாகக் கருதுவது பிழை. அது மேசையின் வெவ்வேறு இழுப்பறைகள் போன்றது; பூட்டு இல்லை. ஒரு சுயவிவரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. அவ்வாறே, ஒரே விண்டோஸ் பூட்டெண்ணை வீட்டில் அனைவரும் அறிந்திருந்தால், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அவ்வெண்ணைக் கொண்டே எவரும் திறந்து காணலாம். ஃபயர்பாக்சில் இதற்கெனத் தனி முதன்மைக் கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ள இயலும்.

தனிக் கணக்கிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கணினியில் முதலில் உருவாக்கும் கணக்கு நிர்வாகி நிலை பெறுகிறது. நிர்வாகி பிறருடைய கோப்புறைகளைத் திறக்கலாம், மென்பொருளை நிறுவலாம். ‘மைக்ரோசாஃப்ட் குடும்பப் பாதுகாப்பு’ வசதியில் ஒரு கணக்கைச் சிறார் கணக்காகச் சேர்த்தால் அதன் உலாவல் பற்றிய அறிக்கை பெற்றோருக்குச் செல்லும். பத்து வயதுக் குழந்தைக்கு இது தேவை எனலாம். குழந்தையாக இருந்தபோது அமைத்த அதே அமைப்பு பதினேழு வயதிலும் தொடர்வது பற்றி வீடுகளில் உரையாடல் நிகழ்வதில்லை. யார் நிர்வாகி என்பது தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினும், அது வீட்டின் அதிகாரம் பற்றிய கேள்வியே. கணினியை வாங்கித் தந்தவர், பெரும்பாலும் ஓர் ஆண், எவரும் கேட்காமலேயே அந்நிலையைப் பெற்றுவிடுகிறார்.

அழித்தலும் ஐயமும்

தனிக் கணக்கு கேட்பதே ஐயத்திற்கு இடம் தரும் வீடுகள் உண்டு. பூட்டிய கதவு வினாவை எழுப்பும். நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 199 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முதன்மையானது. கைபேசியை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலையிலுள்ள பெண்கள் அனைத்தையும் ஒருசேர அழிப்பதோடு, குறிப்பிட்ட ஒரு செய்தியையோ படத்தையோ தேடலையோ மட்டும் அழிக்கும் முறையையும் கையாண்டதை அவ்வாய்வு விவரிக்கிறது. பிந்திய முறையில் கருவி வெளிப்படையாகத் திறந்து கிடப்பதாகவே தோன்றும். தனியுரிமை கொண்டிருப்பதே தெரியாதவாறு அதனைக் கொண்டிருக்கும் இந்நுட்பத்தைப் படிப்பறிவுக் குறையாகக் கருதிவிட முடியாது.

கணினிக்கும் இது பொருந்தும். முற்றிலும் வெறுமையான வரலாறு, எதையோ மறைத்ததன் சுவடாகிவிடுகிறது. ஆகவே பொதுவான உலாவலை இயல்பான சாளரத்திலும், மறைக்க வேண்டியதை மட்டும் மறைநிலையிலும் செய்வது பொருத்தமானது. தவறி இயல்பான சாளரத்தில் தேடிவிட்டால், கண்ட்ரோல், எச் விசைகளால் வரலாற்றைத் திறந்து அவ்வொரு வரியை மட்டும் நீக்கலாம். குரோமின் முகவரிப் பட்டையில் விரியும் பரிந்துரையை அம்புக்குறி விசையால் தேர்ந்து, ஷிஃப்ட், டெலீட் விசைகளை அழுத்தினால் அப்பரிந்துரை மறையும்.

சட்டம் நிற்கும் இடம்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து வந்த 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது இல்லப் பயன்பாட்டிற்காகத் தரவைக் கையாளுவதற்குப் பொருந்தாது. வீட்டு வாயிலில் அச்சட்டம் நின்றுவிடுகிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் இசைவின்றி அதனை அணுகுவதைத் தடுக்கிறது. பார்ப்பவரே உரிமையாளராக இருக்கையில் அப்பிரிவால் பயன்படுத்துபவருக்குக் கிடைக்கும் காப்பு மிகக் குறைவு.

வாழ்க்கைத் துணையை வேவு பார்ப்பது குறித்து நீதிமன்றங்கள் ஒரே திசையில் செல்லவில்லை. மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவர் அறியாமல் கணவர் பெற்றுச் சான்றாகக் காட்டிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் அச்சான்றை ஏற்க மறுத்தது. தனியுரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், துணைவரின் பேச்சை அவர் அறியாமல் பதிவு செய்த ஒலிப்பதிவை மணவிலக்கு வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது. பின்னைய தீர்ப்பு உலாவல் வரலாற்றைப் பற்றியதன்று. எனினும் வீட்டுக் கணினியில் கிடைப்பது நாளை நீதிமன்றத்தில் வைக்கப்படலாம் என்ற எச்சரிக்கையை அது தருகிறது.

அச்சம் நிலவும் இல்லம்

மேற்கூறிய வழிகள் பலவும், பார்ப்பவர் எளிதில் விட்டுவிடுவார் என்ற எண்ணத்தின் மீது அமைந்தவை. கணவரோ வேறு உறவினரோ திட்டமிட்டுக் கண்காணிக்கும் வீட்டில், சொல்லாத செய்தியெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும் வீட்டில், அவ்வெண்ணம் பொய்த்துவிடும். அங்கே அக்கணினியை உதவி தேடுவதற்குப் பயன்படுத்தாமலிருப்பதே காப்பு. கண்காணிப்பு மென்பொருள் இருப்பதாக ஐயம் எழுந்தால் அதனை உடனே நீக்குவதும் ஏற்றதன்று. நீக்கியது மறுமுனையில் தெரியவரும், வன்முறை கூடலாம், சான்றும் அழியும். வானிலை, சமையல், பிள்ளைகளின் பாடம் என வழக்கமான உலாவலை அக்கணினியில் தொடர்ந்து, தேவையான தேடலை நம்பிக்கைக்குரிய தோழியின் கருவியிலோ பணியிடக் கணினியிலோ செய்வது மேல்.

இணைய மையத்தை எளிதில் பரிந்துரைக்க இயலவில்லை. 2011ஆம் ஆண்டின் இணைய மைய விதிகளின்படி அங்கே அடையாளச் சான்று காட்ட வேண்டும். பார்த்த தளங்களின் பதிவை ஓராண்டேனும் வைத்திருக்க வேண்டும். தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது. சிற்றூரில் மைய உரிமையாளர் கணவரின் நண்பராகவும் இருக்கக்கூடும்.

பெண்களுக்கான 181 உதவி எண்ணுக்கு இணையம் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்ட பாதுகாப்பு அலுவலரை அவ்வெண் வழியாக அணுகலாம். அழைத்த எண் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் தங்கும். அதனைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும், நிறுவனம் வழங்கும் விரிவான கட்டணப் பட்டியலில் இடம்பெறக்கூடும். சிம் அட்டை கணவரின் பெயரில் இருந்தால் அப்பட்டியலும் அவருக்கே கிடைக்கும். எனவே அழைப்பையும் வேறொருவர் கைபேசியிலிருந்து செய்வதே பாதுகாப்பானது.